பெயர் எழுதிய பெட்டிகள்

ஆன்ட்டி,

இன்று காலை பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இருக்கும் அந்தப் பச்சை இரும்புப் பெட்டியைத் தாண்டினேன். ஏழைகளுக்குப் பழைய துணி போடச் சொல்லி வைத்திருக்கும் பெட்டி. அதன்மேல் யாரோ ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு நாள் மழையில் ஊறி, மூத்திரமும் பூஞ்சையுமாக நாறியது. மாடி வீட்டுப் பெண், எங்கள் தமிழ்ப் பெண்தான், கையில் இன்னொரு பையோடு வந்தாள். நான் மூக்கைப் பொத்தியதைப் பார்த்து, "ஸ்மெல் வருதுல்ல? பரவால்ல, யாருக்காவது யூஸ் ஆகும்" என்றாள்.

சீ என்று ஆகிவிட்டது. அவளைத் திட்ட வாயெடுத்தேன். எந்த யோக்கியதையில் திட்டுவேன்? நீங்கள் போய் ஏழு வாரம் ஆகிறது. உங்களிடம் மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை ரயிலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இப்போது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களை நான் முதலில் பார்த்தது பிரசவ வார்டில். 2002. என் அம்மாவுக்கு இரண்டு முறை அமெரிக்க விசா கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் உட்கார்ந்து அவள் போனில் அழ, இங்கே நான் வலியில் அழ, நீங்கள் ட்யூட்டி நர்ஸாக வந்து என் கையைப் பிடித்தீர்கள். "ன்னே, மூச்சை விடு" என்றீர்கள். ன்னே என்றால் உங்கள் நைஜீரியாவின் இக்போ மொழியில் அம்மா என்று அப்புறம்தான் தெரிந்தது. சின்னவளை வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா வந்து தங்குவதற்கு உங்கள் ஊரில் ஒமுக்வோ என்று பெயரே உண்டு. "உன் அம்மா வரலைன்னா என்ன, நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். வாரத்தில் மூன்று நாள், ட்யூட்டி முடிந்த கையோடு. வெந்நீரில் துணியை முக்கி வயிற்றில் ஒத்தடம் கொடுத்தீர்கள். கருவாடும் மிளகும் போட்டு ஒரு சூப் வைத்தீர்கள். தூத்துக்குடிக்காரி எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. நீல நிறத்தில் மஞ்சள் பறவை அச்சடித்த உங்கள் துணியால் என் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, "இது உனக்கு. வச்சுக்கோ" என்றீர்கள். என் மகளை முதலில் குளிப்பாட்டிய கை உங்களுடையது.

நாம் ஒரே பங்குக் கோயில் என்பது அப்புறம் தெரிந்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயிலின் அடித்தள ஹாலில் உங்கள் இக்போ சங்கம் கூடும். நான் வேடிக்கை பார்க்க வருவேன். எங்கள் வெற்றிலை பாக்கு மாதிரி, ஒரு தட்டில் கோலாக் கொட்டையை வைத்து வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பீர்கள். வந்தவர் அத்தனை பேரும் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெரியவர் ஒருவர் செபம் சொல்லி உடைப்பார். செபம் இக்போவில்தான். "கோலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று நீங்கள் சிரித்தீர்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் வாழ்த்துப் பாட்டை சி.டி.யில் போட்டுவிட்டு எல்லோரும் சமோசா வரிசைக்கு ஓடுவோம். வரவேற்புரை, நன்றியுரை, எல்லாம் இங்கிலீஷில்.

அந்தக் கண்றாவியை விடுங்கள். பெட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

2006இல் உங்கள் ஊர்ப் பிரசவ நிலையத்துக்குச் சாமான் அனுப்ப உங்கள் சங்கம் ஒரு கன்டெய்னர் பிடித்தது. அங்கே பெண்கள் பாயில் பிள்ளை பெறுகிறார்கள் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி, பூசை முடிவில் மைக் வாங்கினீர்கள். விரிப்பு, குழந்தைப் போர்வை, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று பட்டியல் சொன்னீர்கள். "புதுசு வேண்டாம். உன் பிள்ளையை அதில் படுக்க வைப்பாய் என்றால் போதும்" என்றீர்கள். எங்கள் சங்கச் செயலாளர் சுந்தர் அன்றைக்கே என்னைப் பிடித்தார். "நாமளும் ஜாயின் பண்ணலாம். பசங்களுக்கு வாலன்டியர் அவர்ஸ் கிடைக்கும், காலேஜ் அப்ளை பண்றப்ப யூஸ் ஆகும். சுவனீர் மலர்ல போட்டோவும் போட்டுக்கலாம்." நானும் சரி என்று தலையாட்டி, எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். பெட்டிமேல் கொடுப்பவர் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னதும் நான்தான். எழுதாவிட்டால் ஒரு பெட்டிகூட வந்திருக்காது.

இருபத்திரண்டு பெட்டிகள் வந்தன. ஹாலில் அடுக்கி வைத்துப் படம் எடுத்தோம். சுந்தர் கையெல்லாம் ஆட்டிப் பேசினார். பேசி முடித்துக் கிளம்பலாம் என்று பார்த்தால், நீங்கள் கத்தரிக்கோலோடு வந்து முதல் பெட்டியைப் பிரித்தீர்கள்!

நாங்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. கொடுத்தவர் முன்னால் பரிசைப் பிரிப்பது எங்களுக்கு மரியாதை இல்லை. கல்யாண வீட்டில் வாங்கி அப்படியே பின்னால் அடுக்கிவிடுவோம். உங்களுக்கோ, கொடுத்ததை ஊரார் முன்னால் எடுத்துக் காட்டி, பெயர் சொல்லி நன்றி சொல்லாவிட்டால்தான் அவமரியாதை. அது தெரிந்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

முதல் பெட்டியில் பாதி குடித்த இருமல் மருந்து, தேதி முடிந்தது. மூடிப்போன டாட்காம் கம்பெனியின் டீ-ஷர்ட்கள், அக்குளில் மஞ்சள். நீங்கள் பெயரை வாசித்து நன்றி சொன்னீர்கள். இரண்டாவதில் ஒற்றைச் செருப்பு, முடி சிக்கிய சீப்பு. பெயர், நன்றி. மூன்றாவதில் எலாஸ்டிக் போன உள்ளாடைகள். துவைக்காதவை, ஆன்ட்டி. பெரிய பெரிய வீடு வாங்கியவர்கள்! சுந்தர் எழுந்து, "மேடம், நோ நீட் டு ஓப்பன், அங்க யாராவது யூஸ் பண்ணிப்பாங்க" என்றார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கோலாக் கொட்டை வீடு போய்ச் சேர்ந்ததும் தன்னைக் கொடுத்தது யார் என்று தானே சொல்லும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தீர்கள்.

பதினோராவது என்னுடையது.

அதை நான் பத்து நிமிடத்தில் கட்டியிருந்தேன். வேலைக்குக் கிளம்பும்போது அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததைக் கைநிறைய வாரிப் போட்டு டேப் ஒட்டினேன். மகள் படுக்கையை நனைத்துக் காய்ந்து விறைத்துப்போன விரிப்புகள், வாந்திக் கறை போகாத போர்வை. நீங்கள் மேலே இருந்ததை எடுத்தீர்கள். அதற்கடியில் நீலத் துணி, மஞ்சள் பறவை. என் வயிற்றில் நீங்கள் கட்டிய அதே துணி. மூத்திர விரிப்போடு சுருட்டி உங்களுக்கே அனுப்பியிருந்தேன்.

ஒரு நொடி கை நின்றது. என் பக்கம் திரும்பவேயில்லை நீங்கள். மடக்கிப் பெட்டியை மூடி, காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, "இது சரியாக இருக்கிறது. அடுத்தது" என்றீர்கள்.

மற்ற இருபத்தொரு குடும்பமும் வெட்கத்தில் வெந்தது. எனக்கு மட்டும் விலக்கு.

வெளியே பார்க்கிங்கில் சுந்தரின் மனைவி காறித் துப்பாத குறை. "நாம குடுத்ததே பெருசு, இதுல செக்கிங் வேற. கறுப்பிக்குத் திமிரப் பாரு." சொன்னவள் என்னைவிட ஒரு பிடி கறுப்பு. சுந்தர் தன் பங்குக்கு, "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்றார். நாம் கொடுத்தது மாடில்லை, சாணி என்று என் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினேன். ஏனென்றால் அவள் அடுத்து என்னிடம், "உன் பாக்ஸ் மட்டும் நீட்டா இருந்துச்சாமே, கெட்டிக்காரி" என்றாள். நான் சிரித்தேன். ஆமாம், பல்லைக் காட்டிச் சிரித்தேன். உங்களைக் கறுப்பி என்றவளைப் பார்த்து.

அதற்குப் பிறகும் நீங்கள் வந்தீர்கள். மகளின் முதல் நற்கருணைக்குத் தலையில் பெரிய துணி கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தீர்கள். என் வீட்டில் டீ குடித்தீர்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். நான் உடனே வெயிலைப் பற்றியும் டிராஃபிக்கைப் பற்றியும் பேசுவேன். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? இருந்திருப்பீர்கள். புற்றுநோய் என்று தெரிந்து இரண்டே மாதத்தில் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் நான் கேட்டது, "தலையணை சரியா இருக்கா?"

உடலை ஊருக்கு அனுப்பும் முன் உங்கள் சங்கம் அதே ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த உங்கள் தங்கை பேசினாள். அந்தக் கன்டெய்னரை ஊரில் இறக்கி வாங்கியவள் அவள்தானாம். "இந்தியர்களிடமிருந்து ஒரே ஒரு பெட்டி வந்தது. நானே பிரித்தேன். பன்னிரண்டு வெள்ளை விரிப்பு, இஸ்திரி போட்டு மடித்தது. பிரசவ வார்டில் இன்றும் அதைத்தான் விரிக்கிறார்கள். யார் இந்தப் பெண் என்று அக்காவிடம் கேட்டேன். என் மகள் என்றாள்." அப்புறம் பெட்டிமேல் இருந்த பெயரைச் சொன்னாள். என் பெயர்.

நீங்கள் வாங்கி, நீங்கள் துவைத்து, நீங்கள் மடித்து வைத்த விரிப்புகள்.

ஹாலே எழுந்து கை தட்டியது, ஆன்ட்டி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் எனக்கு வேண்டாதவர் யாருமில்லை. "அது என்னுடையது இல்லை" என்று மூன்று வார்த்தை. நான் எழுந்தேன், கைகூப்பினேன், "தேங்க் யூ" என்றேன். உங்கள் தங்கை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ன்னே, ன்னே என்று அழுதாள்.

நீங்கள் கொடுத்த மற்றதையெல்லாம் நான் பாழாக்கிவிட்டேன். உங்கள் ஆட்களிடம் எனக்கு நீங்கள் வாங்கித் தந்த நல்ல பெயர் மட்டும் மிச்சம். அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.