குப்பையில் போட்ட ரப்பர்

நவம்பர், செவ்வாய்க்கிழமை.

மேரி அக்கா புக்கிட் செலம்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். அவர் பாலில் தண்ணீர் கலந்திருப்பதாக இன்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். இனி தொழிற்சாலையில் அவர் பாலை எடுக்கமாட்டார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே பாலை இரண்டு தட்டில் உறையவைத்து, காயவைத்து நிறுப்போம்; ரப்பர் எடை குறைந்தால் பாலில் தண்ணீர் என்று அர்த்தம். இன்று ஒரு தட்டு கலப்படம் என்றது. மற்றது சுத்தம் என்றது. மூன்றாவது தட்டு வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரம். அக்காவின் பால் எப்போதும் கொஞ்சம் தண்ணிதானே என்று நினைத்து, சுத்தம் என்று காட்டிய ரப்பரைக் குப்பையில் போட்டேன்.

விஷயம் தெரிந்து கேட்க வந்த அக்காவிடம் சொன்னேன்: "தராசு பொய் சொல்லாதுலா, அக்கா."

"தராசு வாயத் தொறந்தா பேசுச்சு? நீதான தங்கச்சி சொல்ற?"

விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து, உண்மை எப்படி உருவாகிறது என்று கவனித்த ஒரு பிரெஞ்சு சமூகவியலாளரைப் பற்றிக் கல்லூரியில் படித்தேன். எண் தாளில் ஏறியதும் அதை உண்டாக்கிய கைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமாம். உண்மை என்ன, சப்பாத்தியா உருவாக்க என்று அன்று சிரித்தேன். அக்கா அவரைப் படித்ததில்லை. ஆனால் என் கையைத்தான் பார்த்தார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆய்வுக்கூடக் குப்பையை அள்ளுவார்கள். நான் ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும்.