சாராயக்காரன் தரும் தேர்

பத்திராவதி,
தவக்காலம், 1972

மதிப்பிற்குரிய தந்தையீர், இம்மடலைச் சூழ்ந்திருந்து கேட்கும் உறவினரே, வணக்கம். அம்மாவின் இருமல் தணிந்ததா? அந்தோணியார் கோயிலை ஒட்டிய நம் நிலத்தைச் சாராயக்கடைக்கு விடத் தம்பி சின்னப்பராஜ் இசைந்தான் என்றறிந்து கொதித்துப்போனேன்.

“அந்தோணியாருக்குப் புதுத் தேர் செஞ்சு தர்றேங்கறாருங்க கடைக்காரர். வேண்டாம்னா சொல்றது?” என்கிறானாம். அந்தோணியார் எந்நாளில் அவரிடம் தேர் கேட்டார்? குடியால் கெட்ட குடும்பங்களின் கண்ணீரில் உருளும் தேரை எந்தக் கை இழுக்கும்?

இங்கும் உருக்காலைத் தோழர்கள் கேலியாக, “சாமியாரே, ஒரு வாய் குடிச்சா மோட்சம் ஓடிப்போயிருமா?” என்று குவளையை நீட்டினார்கள். சிரித்தபடி விலகினேன். தனியறைக்கு வந்ததும் கதவைச் சாத்திச் செபமாலையை எடுத்தேன். என்னைக் காத்தது என் உறுதியன்று. முழங்காலில் நின்று இறைவனிடம் பெற்ற வலிமை. என் செபமாலை அறுந்துவிட்டது. இப்பக்கம் வருவோரிடம் வேறொன்று கொடுத்தனுப்புங்கள்.

செபம் தரும் அவ்வலிமையின்றித் தம்பியோடு வாதிட்டுப் பயனில்லை. ஆலைச் சங்கு ஊதுகிறது, முடிக்கிறேன். இன்று மாலையே அனைவரும் அந்நிலத்தில் முழங்காலிட்டுச் செபமாலை சொல்லுங்கள். எழுந்ததும், சாராயக்கடைப் பந்தலுக்கு நட்ட மூங்கில்களைப் பிடுங்கிக் கடைக்காரர் வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.

தங்கள் மகன்,
அருள்சாமி