மடியில் மறைந்த கார்டு

டாக்டர்,

இன்று கண் காட்டப் போன இடத்தில் என் காப்பீட்டுக் கார்டைப் பார்த்ததும் கவுண்டரில் இருந்த பெண், "இதை இங்க எடுக்கறதில்லைங்க ஐயா" என்று திருப்பி நீட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. மந்தாரக்குப்பத்தில் உங்கள் கம்பவுண்டராக இருந்தபோது இதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

அதற்காக ஊரார் உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். உங்கள் கிளினிக்கில் இருந்தபடியே அரசாங்கத் தொழிலாளர் காப்பீட்டுக்கும் டாக்டராக இருந்த இரண்டு வருஷத்தில் நீங்கள் பட்ட பாடு அவர்களுக்கு என்ன தெரியும்? காய்ச்சலுக்கு மூன்று நாள் லீவு எழுதினால், ஒரு நாள் போதாதா என்று காப்பீட்டு ஆபீசிலிருந்து விளக்கம் கேட்பார்கள். எழுத மறுத்தால் யூனியன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். "வைத்தியம் பார்க்கத்தான்யா படிச்சேன், பதில் எழுத இல்ல" என்று ஒரு நாள் பேனாவை வீசினீர்கள். மறுநாளே அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, முத்திரையையும் ஒப்படைத்தீர்கள். இனி காப்பீட்டுக் கார்டுக்காரர்கள் வந்தால் அரசாங்க டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிடு என்றீர்கள்.

அப்போதுதான் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்த கோவிந்தனை அவன் மனைவி செல்வி கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டிஸ்பென்சரி வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். பெரிய தர்மப்பிரபு மாதிரி, "கார்டை மடியில வைம்மா, டாக்டர் கேட்டா இல்லன்னு சொல்லு" என்றேன். பத்து நாளில் நீங்கள் அவனை எழுந்து நடக்க வைத்தீர்கள்.

பதினோராம் நாள் செல்வி தனியாக வந்தாள்.

"இன்சூரன்ஸ் டாக்டர் சர்டிபிகேட் இல்லன்னா பேரை எடுத்துடுவேன்னு மேஸ்திரி சொல்றாருங்க. எங்க வூட்டுக்காரரு மைன்ஸ் கேட்டாண்ட நின்னுகினு இருக்காரு. பர்மனென்ட் ஆவற நேரங்க."

நீங்கள் அதிர்ந்துபோனீர்கள். "என் கையெழுத்து இப்ப செல்லாதேம்மா! முடிஞ்சுபோன நாளுக்கு டிஸ்பென்சரியிலயும் எழுதித் தர மாட்டாங்களே! கார்டு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே டிஸ்பென்சரியில நானே சேர்த்துவிட்டிருப்பேனே. யார் மறைக்கச் சொன்னது?"

மருந்து கலக்குகிறவன்போல் நான் குனிந்துகொண்டேன். வெளியே போகவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை. எனக்கும் அந்த ஒரு வேலைதான் பிடிமானம். செல்வி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நாந்தாங்க மறைச்சுட்டேன். என் புத்தி கெட்டுப்போச்சு."

கோவிந்தன் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர்கள் பேச்சு வரும்போதெல்லாம், "பாவம், அந்தப் பொண்ணே கெடுத்துக்கிச்சு" என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன். நீங்கள் கண்ணை மூடும்வரைக்கும் ஆட்டினேன்.

அவள் பொய் சொன்னாள், டாக்டர். மறைக்கச் சொன்னவன் நான். அன்றைக்கு நீங்கள் கேட்டபோது வாயில் வராத இந்த ஒரு வரியைத்தான் இத்தனை வருஷமும் சுமந்துகொண்டிருக்கிறேன்.