தாயின் தோல் போர்த்திய கோதுமை

அன்பு மகள் பிரப்லீனுக்கு, உன் அப்பா போன நாள் முதல் அப்பனும் சித்தப்பனுமாகிய குர்தேவ் எழுதுவது. வாஹேகுருவின் கருணையால் நானும் உன் சித்தியும் இரண்டு எருமைகளும் நலம். கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

கெட்ட செய்தி ஒன்று, உட்கார்ந்து படி. மாசியில் நீ வந்து வெள்ளைக் கோதுமைக் கதிர்களில் ஆண்பாகத்தை இடுக்கியால் பிடுங்கி, உன் அப்பாவின் செங்கோதுமை மகரந்தத்தைத் தூவி, காகித உறை மாட்டிப் போனாயே, கோதுமைக்குக் கல்யாணம், அதுக்கு முக்காடு வேறயா என்று ஊரே சிரித்ததே, அறுவடையில் அந்த உறைகளைத் திறந்தோம். மணி அத்தனையும் வெள்ளை. பக்கத்து வயல் மல்கீத் எட்டிப் பார்த்து, என்ன குர்தேவண்ணே, மாப்பிள்ளை வீட்டுல யாருமே வரல போலிருக்கே, பந்தலப் பிரிச்சிடலாமா என்றான். குருத்வாராவில் பருப்பு ஊற்றியவன்கூட இரக்கப்பட்டு எனக்கு ஒரு கரண்டி அதிகமாக ஊற்றினான். உன் சித்திக்கு மானம் போயிற்று. நான் இல்லாத நேரம் மணிகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு பொரிகாரியிடம் போய்விட்டாள், வறுத்து வெல்லம் சேர்த்துத் தின்று கதையை முடிக்க. நான் ஓடிய ஓட்டத்தில் அமிர்தசரஸ் ரயில் ஒதுங்கி வழிவிட்டது. கழன்ற செருப்பு இன்னும் லூதியானாவுக்கு மேலே பறப்பதாகக் கேள்வி. அதற்குள் பாதி மணி சுடுமணலில் பொரிந்துவிட்டது மகளே. மீதியைப் பிடுங்கிக்கொண்டு, நீ போனில் சொன்னதை அங்கேயே முழங்கினேன். நிறம் இருப்பது மேல்தோலில், அந்தத் தோல் தாய்ச்செடி போர்த்திவிட்டது. இதை விதைத்து வரும் கதிரில்தான் அப்பன் தெரிவான், அத்தனையும் சிவக்கும். அதையும் விதைத்தால் பேரப்பிள்ளைகளில் சிலது மறுபடி வெளுக்கும். சிவப்போடு, மழையில் நனைந்தாலும் கதிரில் முளைக்காத தூக்கமும் வருகிறது, ஆனால் தூக்கத்துக்கு வேறு இடத்திலும் ஒரு மரபணு உண்டு, அது வாய்த்த வெள்ளைதான் நமக்கு வேண்டும் என்றேன். வேடிக்கை பார்க்க வந்த மல்கீத் வாயில் ஈ புகுந்து, குடித்தனம் நடத்தி, வெளியே வந்தது.

உன் அப்பா இதற்குத்தானே ஆசைப்பட்டார். அந்த வைசாகி அறுவடைத் திருநாள் மழை உனக்கு நினைவிருக்குமா, நீ சின்னப் பிள்ளை. அறுக்க நின்ற வெள்ளைக் கோதுமை கதிரிலேயே முளைத்து, வயலெல்லாம் பச்சைத் தாடி. அந்த மாவு ரொட்டி தித்தித்துப் பல்லில் ஒட்டி, என் வாயே திறக்கவில்லை. ஊர் அப்போதுதான் நிம்மதியாக இருந்ததாம். அண்ணனின் செங்கோதுமை மட்டும் நனைந்தபடியே தூங்கிற்று. மண்டியிலோ வியாபாரி, சிவப்பு ரொட்டிய எவன் திம்பான் சர்தார்ஜி என்று தள்ளிவிட்டான். திரும்பும்போது டிராக்டர் இரைச்சலுக்கு மேலே அண்ணன், இதே மாதிரி தூங்குற வெள்ளை ஒண்ணு வேணும்டா தேவ் என்று கத்தினார். இன்றும் டிராக்டரைக் கிளப்பினால் அந்தக் குரல் கேட்கும், அதனால் தேவையில்லாமலும் கிளப்புகிறேன், டீசல்காரனுக்கு மாளிகையே எழும்பிவிட்டது.

மீதி மணி போதுமா என்று உடனே எழுது. கார்த்திகை விதைப்புவரை அதை என்னிடம்கூடத் தரமாட்டேன் என்கிறாள் உன் சித்தி. நேற்று மாவு பிசைந்துகொண்டே, லீன் முகத்துல அவ அப்பா சாயலே இல்லன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன், அப்ப அவ பெத்தா அதுல வந்துடுவாராங்க என்று கேட்டாள். மனிதருக்குக் கணக்கு வேறு என்பாய், தெரியும். வருவார் என்று சொல்லிவிட்டேன்.

குருவின் அருளோடு நூறாண்டு வாழ்க. கம்பளிச் சாக்ஸ் போடு. சித்திக்கு மறுத்து எழுதிவிடாதே.

உன் சித்தப்பா,
குர்தேவ் சிங்
(கோதுமைக் கல்யாணத்தில் இரு வீட்டுக்கும் பெரியவர்)