கீதாஞ்சலி தேர்ந்தெடுத்த சாப்பாடு

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அம்மா கஸ்தூரி எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய், இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடும், அதனால்தான். செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை எப்போதும்போல் போகிறது, பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி, அப்பாவுக்கு முட்டி வலி இப்போது கம்மி.

போன ஞாயிறு கீழ்பென்னாத்தூரில் உன் சித்தி மகள் அபிநயாவின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தபோது அவள் மட்டும் ஏதோ ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு ஓரமாக நின்றாள், முகம் வெளுத்துக் கிடந்தது. கேட்டால், உடம்பு போட்டுவிட்டது என்று மாமியார் ஜோதியம்மாள் சொன்னார்களாம், பதினைந்து நாளாக மதியச் சாப்பாடே இல்லையாம், குழந்தைக்குப் பாலும் பத்தவில்லையாம். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. போன வருஷம், பாப்பாவுக்கு நாலு மாதம் இருக்கும்போது, என்னடி இப்படிப் பெருத்துட்ட என்று நானும்தானே உன்னைக் கேட்டேன். நெய் ஊற்றிச் சாப்பிடு என்று சொன்னதும் இதே வாய்தான். நீ அன்றைக்கே சாப்பாட்டை விட்டாய், பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே தலைசுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாய் என்று மாப்பிள்ளை போன் செய்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் நீயே டயட்டீஷியனிடம் போனாய். சீக்கிரம் இளைக்கிற திட்டத்தை விட்டுவிட்டு, ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சீட்டில் எழுதி வாங்கினாய். காலையில் கேழ்வரகு அடை, முட்டை, மதியம் சோறு கம்மி, கீரையும் கூட்டும் நிறைய, சாயங்காலம் சுண்டல், ராத்திரிச் சாப்பாட்டை விடவே கூடாது. "பால் குடுக்கற வரைக்கும் பட்டினி கெடக்க மாட்டேம்மா, மெதுவா எளைச்சாப் போதும்" என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, என் சமையலைவிட ஒரு சீட்டு பெரிசா என்று.

நீ போட்டோ எடுத்து அனுப்பிய அந்தச் சீட்டைத்தான் போனில் அபிநயாவுக்குக் காட்டினேன். ஜோதியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வேறு வேலையில்லை என்றார்கள். பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் சொன்னேன், "எம் பொண்ணு மயங்கி விழப் பாத்தது நான் சொன்ன ஒரு வார்த்தையாலங்க. தப்பு என்னோடது. அவளா யோசிச்சுத் தேறி வந்துட்டா. இந்தப் பொண்ண மொதல்ல சாப்பிட விடுங்க." அதைக் கேட்டு ஜோதியம்மாளே இலை போட்டு அபிநயாவை உட்காரவைத்து, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அவள் தலை தூக்காமல் சாப்பிட்டாள். நேற்று டாக்டரம்மாவிடம் போய்த் தன் உடம்புக்குத் தகுந்த மாதிரி எழுதி வாங்கியிருக்கிறாள், பொடி டப்பாவைத் தூக்கிப் போட்டாச்சாம்.

கை கழுவுகிற இடத்தில் மூன்று பெண்கள் வந்து அந்தச் சீட்டைக் கேட்டார்கள். என் மகள் யோசித்துத் தேர்ந்தெடுத்தது என்று சொன்னபோது வந்த சந்தோஷம் நீ பிளஸ் டூவில் மார்க் வாங்கியபோதுகூட வரவில்லை. டாக்டரிடம் கேளுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினேன்.

டப்ளினுக்குக் கிளம்பிய பலராமன் கையில் கேழ்வரகு மாவும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், மாவை ஃப்ரிட்ஜில் வை, மறக்காதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். பந்தி முன்னால் சொன்னதை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது, அன்றைக்கு அப்படிக் கேட்டதற்கு என்னை மன்னித்துக்கொள் கண்ணு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துப் பெருமைப்படும் அம்மா,
கஸ்தூரி,
திருவண்ணாமலை.