இசக்கி வராத வகுப்பு

ஜூன் 3, பிற்பகல் 4:10

நிலவின் தென்முனை நிலையம். பதிபவர் கயற்கண்ணி, உயிரியலாளர். நிலையத்தில் நான் மட்டும்.

நான்கு பாசித் தொட்டிகளும் சீர். காற்றில் ஆக்சிஜன் வழக்கம்போல. தொட்டிகளுக்குக் காலைச் சர்க்கரை போட்டாயிற்று.

இன்று வகுப்பு. என் பணி ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஷரத்து அது: திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் இரண்டாம் ஆண்டு உயிரியல் மாணவிகளுக்கு இங்கிருந்து பாடம் நடத்த வேண்டும். ஒரு மரபணு எப்போது வேலை செய்யும், எப்போது சும்மா இருக்கும் என்பது இந்த மாதப் பாடம். புத்தகப் படத்தை மூடிவிட்டுக் கையால் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன். குழுவுக்கு ஒரு கொடிக்கயிறும் துணிக் கிளிப்புகளும் வாங்கி வந்திருந்தார்கள்.

மாதிரிக்கு என் தொட்டிப் பாசியையே எடுத்துக்கொண்டேன். கயிறு அதன் மரபிழை, அதாவது டி.என்.ஏ. கயிற்றின் முனையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் கொல்லி மரபணு. அவள் எழுந்தால் பாசி செத்தது. கயிற்றில் கிளிப் இருக்கும்வரை அவள் எழக்கூடாது. அந்தக் கிளிப்தான் காவல் புரதம். நான் தினமும் போடும் சர்க்கரை இருந்தால்தான் கிளிப் நிற்கும். அது இயற்கையில் எங்கும் கிடைக்காத, ஆய்வகத்தில் செய்த சர்க்கரை.

கொல்லியாக உட்கார யாரும் முன்வரவில்லை. கடைசியில் இசக்கியம்மாளைத் தள்ளிவிட்டார்கள்.

"ஏட்டி, நீ நடிக்கவே வேண்டாம், சும்மா உக்காரு போதும்."

"உக்காருதேன். எந்திரிக்கும்போது மொதல்ல ஒன்னியதான் முடிப்பேன்."

குழுத்தலைவி ஜெபக்கனி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "மிஸ், நாம வளக்குற பாசிக்குள்ள நாமளே எதுக்கு எமனை வைக்கணும்?"

சொன்னேன். மங்கிய வெளிச்சத்திலும் கொஞ்சம் ஈரத்திலும் வளரும்படி செய்த பாசி இது. இதைத் தின்ன எந்த உயிரும் கிடையாது. ஒரு துளி ஊர்க்குளத்தில் விழுந்தால் குளம் போய்விடும். அங்கே சர்க்கரை போட ஆள் இருக்காது, எனவே பாசி தானே செத்துப்போகும். அதற்காகத்தான் எமன்.

ஜூன் 11, இரவு 8:40

காலையில் சர்க்கரையின் இரண்டாம் டப்பாவைத் திறந்தேன். கட்டிபிடித்துப் பழுப்பாகிவிட்டது. ஒரு குப்பியில் போட்டுச் சோதித்தேன். மாலைக்குள் பாசி வெளுத்தது.

முதல் டப்பாவின் மிச்சம் பத்து நாளைக்கு வரும். உருளைகளில் அடைத்த ஆக்சிஜன் ஒரு வாரத்துக்கு. விண்கலம் வருவது ஜூலைக் கடைசியில்.

தரைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பதில்: "கலத்தை முன்னதாக அனுப்ப முடியுமா என்று பார்க்கிறோம். அளவைப் பாதியாக்கிச் சமாளியுங்கள்."

பாதியாக்கினேன்.

ஜூன் 13, பிற்பகல் 3:20

வகுப்பு. சர்க்கரை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளிப்பைக் கழற்றுங்கள் என்றேன். குழு குழுவாகக் கொல்லிகள் எழுந்தார்கள். இதை ஏன் இன்று செய்யச் சொன்னேன் என்று மாணவிகளிடம் சொல்லவில்லை.

"மிஸ், எங்க பாசி சாகல," என்றாள் ஜெபக்கனி.

கிளிப்பைக் கழற்றினாயா என்று கேட்டேன்.

"கழட்டிட்டோம் மிஸ். நாற்காலிலதான் ஆளில்ல. இசக்கி லீவு. அக்காவுக்கு வளைகாப்புன்னு போயிட்டா."

"ஆள் வரலைன்னா பாசி பொழைச்சிருமா? இவளுகளுக்கு முட்டை மார்க் போடுங்க மிஸ்!" பின்வரிசையில் ஒருத்தி.

வகுப்பே சிரித்தது. நான் அந்தக் காலி நாற்காலியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மாதிரி செய்வது என்றால் எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது. எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்கும் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒரு தொட்டியில் கோடானுகோடி உயிரணுக்கள். அவை பிரியும்போது மரபிழையில் எங்காவது ஓர் எழுத்து பிசகும். சிலவற்றில் கொல்லி மரபணுவே உடைந்திருக்கும். அவற்றின் நாற்காலி காலி. சர்க்கரையைச் சிறுகச் சிறுகக் குறைத்தால் மற்றவை சாகும், அவை மட்டும் பெருகும்.

அதன்பின் எனக்குச் சர்க்கரை தேவைப்படாது. நாளை முதல் தினமும் கொஞ்சம் குறைப்பேன்.

ஜெபக்கனி குழுவுக்கு முழு மதிப்பெண் போட்டேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

ஜூன் 20

மூன்று தொட்டிகள் வெளுத்துவிட்டன. உருளையைத் திறந்துவிட்டேன். தலைவலி. நேற்று ஒரே பக்கத்தை நான்கு முறை படித்திருக்கிறேன்.

தரைக்குச் சொன்னது: காற்று மோசம், சமாளிக்கிறேன். எப்படி என்று சொல்லவில்லை. எதையும் முடிந்த பிறகே சொல்வது என் சுபாவம். வீட்டில் இதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன். கேட்டால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்பவர்கள் அங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் 24, காலை 7:15

இரண்டாம் தொட்டியின் மூலையில் பச்சைப் புள்ளி. அழுதேன். இதையும் பதிவு செய்கிறேன்.

ஜூலை 4, பிற்பகல் 3:30

பன்னிரண்டு நாளாகச் சர்க்கரை போடவில்லை. நான்கு தொட்டியும் கரும்பச்சை. ஆக்சிஜன் முன்பைவிட அதிகம். உருளைகளை மூடிவிட்டேன்.

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டி, விசிலடித்து, மேசையைத் தட்டினார்கள். இசக்கியின் லீவுதான் மிஸ்ஸைக் காப்பாற்றியது என்று அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப எனக்கு இனிமே வேலையே இல்லையா மிஸ்?"

இல்லை என்றேன், சிரித்துக்கொண்டே.

"சரி, இந்தப் பாசி நம்மூருக்கு வந்திட்டா யாரைக் கூப்பிடுவீங்க?"

"வாய மூடு ளா, மிஸ்ஸே இப்பத்தான் பொழைச்சு வந்திருக்காவ," என்று யாரோ அவளை அதட்டினார்கள்.

 இணைப்புக் கோளாறு என்று சொல்லி வகுப்பை முடித்தேன்.

ஜூலை 9

பல் துலக்கும் பிரஷின் அடியில் பச்சை. ஈரத்துண்டின் மடிப்பில். வெளிக்கதவின் ரப்பர் விளிம்பில். இடது கை நகக்கண்ணில். தேய்த்தேன், இரண்டு நாளில் மறுபடி.

முன்பெல்லாம் தொட்டியிலிருந்து தெறித்தது சர்க்கரை இல்லாமல் செத்தது. இப்போது எதுவும் சாகவில்லை.

ஜூலை 12

தொட்டிகளில் குளோரின் ஊற்றினேன். மூச்சுக்கு உருளையில் மிஞ்சியது. தொட்டிகள் வெளுத்தன. மூன்றே நாளில் குழாய்களின் உள்ளிருந்து திரும்பிவரும் என்று தெரிந்தும் ஊற்றினேன்.

தரைக்கு முழுவதும் சொன்னேன். பாசிக்குள் இப்போது கொல்லி இல்லை, அது என் மேல் இருக்கிறது, யாரும் இங்கே வரக்கூடாது, நானும் வரக்கூடாது.

பதில் வர நேரமாயிற்று. பேசியது மருத்துவர்: "கயல், காற்று மோசம்னு நீங்களேதான் சொன்னீங்க. கெட்ட காற்றில் ரொம்ப நாள் இருந்தா இப்படித்தாம்மா பயம் வரும். தொட்டிகளை நீங்களே அழிச்சிருக்கீங்க, பாருங்க. கலத்தை முன்னாடியே அனுப்பியாச்சு. தைரியமா இருங்க."

நான் சொல்வது எல்லாம் இப்போது நோயின் அறிகுறி.

ஜூலை 15

பச்சை திரும்பிவிட்டது. சொன்னபடி மூன்று நாள்.

வகுப்புக்கு இணைப்பு கேட்டேன். நீங்களாவது அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், ஜெபக்கனி, உங்களுக்குத்தான் இது புரியும் என்று சொல்லத்தான். ஓய்வெடுங்கள் என்று மறுத்துவிட்டார்கள்.

வீடு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடி சரியாக மூடாது.

ஜூலை 17. நேரம் தெரியவில்லை

விசைப்பலகைக்குள் ஈரம். இனி காகிதத்தில்.

கலம் இறங்கிவிட்டது. அதிர்வு தெரிந்தது. ரேடியோவில் விமானி ஹமீது, நல்ல மனிதர், என்னை இங்கே கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்:

"கயல் மேடம், வாசலுக்கு வந்துட்டோம். உங்க புள்ளைங்க ஒரு பாட்டில் மாங்கா ஊறுகாய் குடுத்துவிட்டிருக்குங்க. கதவத் திறங்க."

திறக்க மாட்டேன். காரணத்தைச் சொன்னேன். குரல் உடையாமல் சொன்னேன், ஒன்றன்பின் ஒன்றாக, வகுப்பில் சொல்வதுபோல.

"சரி மேடம், சரி. எல்லாம் ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். உள்ள காத்து நல்லாத்தான் காட்டுது. வந்ததும் ஹெல்மெட்டைக் கழட்டிடலாம்ல?"

வேண்டாம் ஹமீது. வேண்டாம். நூறு முறை சொல்லியிருப்பேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. கூட வந்தவரிடம் மெல்லச் சொல்கிறார், எனக்குக் கேட்கிறது: "பாவம்யா."

கதவின் கைப்பிடி மேல் என் முழு எடையையும் சாய்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். அவர்கள் பக்கமும் ஒரு கைப்பிடி உண்டு. அவர்கள் இரண்டு பேர்.

என் முதுகுக்குப் பின்னால் கைப்பிடி அசைகிறது

இந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு. இதில் எழுதியது இந்த அறையைத் தவிர வேறெங்கும் இல்லை. படிக்கிறீர்கள் என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். தாளின் ஓரம் பச்சையாக இருந்தால் கையை உடையில் துடைக்காதீர்கள். ஹமீதாக இருந்தால், நான் பைத்தியம் இல்லை. யாராக இருந்தாலும்

உங்களுக்கும் யாராவது காத்திருப்பார்கள். தெரியும்.

வீட்டுக்குப் போகாதீர்கள்