கந்தப்பன் தோட்டத்தில் இறங்கிய பெட்டி

17-1-66, திங்கள்
இன்று பலூனை மிதித்துவிட்டேன். ராசிபுரத்துக்கு வெளியே தரிசில், வெங்காயத் தோல் போன்ற பிளாஸ்டிக்கை நீளத்துக்குப் பரப்பி வைத்திருந்தார்கள். மேட்டூரிலிருந்து கொண்டுவந்த கேஸ் உருளைகளை லாரியிலிருந்து இறக்கிவிட்டு, குறுக்கு வழி என்று செருப்புக் காலோடு அதன்மேல் நடந்துவிட்டேன். "டிரைவர், நில்லுங்க" என்று கத்தியது நான் பெற்ற செபஸ்தியான். கத்திய பிறகுதான் நான் அப்பன் என்பது ஞாபகம் வந்தது போல. நான்கு விஞ்ஞானிகள் முழந்தாளிட்டு ஓட்டை தேடினார்கள். பலூனில் இல்லை. என் மானத்தில்தான்.

21-1-66
காற்று.

22-1-66
இன்றும் காற்று. விடியுமுன் எழுந்து, நூலில் கட்டிய ஒரு சின்ன பலூனை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அது சாய்ந்தால் பெரியதை விட முடியாது. சாய்கிறது. போய்ப் படுக்கிறோம்.

செபஸ்தியான் விளக்கியது என் எட்டாம் வகுப்புக்கு எட்டிய மட்டும்: பெட்டிக்குள் ஒரு தொலைநோக்கி. என்றாவது ராக்கெட்டில் ஏறி வான்வெளிக்குப் போகவேண்டியது. அதற்குமுன் பலூனில் இருபது மைல் உயரத்தில் பரீட்சை. பெட்டி எப்படி ஆடினாலும் தொலைநோக்கி சூரியனையே பார்க்கும்படி திருப்பும் பொறி இவன் செய்தது. மூன்று வருஷ உழைப்பு. பார்த்ததா என்று உள்ளே இருக்கும் பிலிம்தான் சொல்லும். முன்பு விட்ட இரண்டும் வீண். இதுவும் போனால் வேலையையே மூடிவிடுவார்களாம்.

28-1-66
நோட்டீஸ் ஒட்ட அனுப்பினார்கள். "விண்ணிலிருந்து இறங்கும் கருவிப் பெட்டகத்தைத் தீண்டாது தகவல் தருக." படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. ஜேடர்பாளையம் வரை பதினேழு ஊர், பதினேழு முறை அதே பேச்சு. தினமும் ஒரே பூசையைச் சலிக்காமல் வைக்கிற எங்கள் மாதா கோயில் சாமியார்மேல் மரியாதை கூடிவிட்டது. இடுப்பு போச்சு.

2-2-66
ஆறரைக்குப் பறந்தது. செபஸ்தியான் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்தது அவனுக்கே தெரியாது.

அவர்கள் ஜீப்பிலும் நான் லாரியிலும் துரத்தினோம். வழியில் ஜீப்புக்கு டயர் போய்விட்டது. ஒரு மணிக்கு ஜேடர்பாளையம் பக்கம் பாராசூட் இறங்கியது. முதலில் போய்ச் சேர்ந்தது நான்.

மஞ்சள் காட்டில் துணி கிடந்தது. பெட்டி இல்லை. தோட்டத்துக்காரர் கந்தப்பன் கிணற்றைக் காட்டினார். கயிறு கட்டி உள்ளே இறக்கியிருந்தார்கள்.

"டிக்கு டிக்குனு அடிச்சுதுங்க. நீங்க சொன்னாப்பலயே தண்ணிக்குள்ள உட்டுட்டமுங்க."

நானா?

"ஏனுங்க, டீக்கடையில நீங்கதானுங்களே சொன்னீங்க? குண்டுங்க, சத்தங் கேட்டாத் தண்ணியில போட்டுருங்கன்னு."

சொன்னேன். பதினேழாவது ஊர். அலுப்பு. எல்லையில் சண்டை ஓய்ந்து அஞ்சு மாசந்தான் — குண்டு என்றதும் ஓர் ஆள் முழித்தான், மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏண்டா சவரி, உனக்கு எதுக்குடா இந்த வாயி?

ஜீப் வரும் சத்தம் கேட்டது. "அதுல வாரது என் பையனுங்க, அவன் செஞ்ச பெட்டிங்க அது" என்றேன். கந்தப்பன் என் முகத்தையே பார்த்தார்.

கிணற்றில் போடச் சொன்னது யார் என்று செபஸ்தியான் கேட்டான்.

"நாங்களேதானுங்க சாமி. தெரியாத்தனம்" என்றார் கந்தப்பன்.

3-2-66
தண்ணீர் புகுந்து பிலிம் சுருளோடு சுருளாக ஒட்டிக்கொண்டது. ஒரு படம்கூடத் தேறவில்லை. பொறி வேலை செய்ததா என்று இனி யாருக்கும் தெரியாது.

20-2-66, ஞாயிறு
கூடாரம் பிரித்தாயிற்று. பெட்டியாவது கிடைத்தது டிரைவரால்தான் என்று பெரிய விஞ்ஞானி எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார். மரியபுஷ்பம் அதற்குக் கண்ணாடி போடச் சொல்கிறாள். கட்டிய பாவத்துக்கு அவளுக்கு இது ஒன்றுதான் பெருமை.

செபஸ்தியானுக்குக் கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் வேலை. ஜங்ஷனுக்குப் போய் ரயிலேற்றினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னான்: "அந்த ஆளுங்கமேல கோவமில்லப்பா. பாவம், யாரோ பயங்காட்டி வெச்சிருக்காங்க."

தண்ணீர்க் கூஜாவை நீட்டினேன். மூடி சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள் என்றேன்.

வண்டி கிளம்ப இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. அந்த யாரோ நான்தான்டா சாமி — இதைச் சொல்ல எட்டு நிமிஷம் தாராளம்.